முடிச்சுக்கு ஒரு மன்றாட்டு

அறுந்த செபமாலை ஒன்று எங்கள் வீட்டு அலுமாரியில் நான்கு ஆண்டுகள் கிடந்தது. அது என் தாயாருடையது. அவருடைய விரல்கள் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன மரமணிகள். அவர் நோயுற்றுப் படுத்திருந்த இறுதி நாள்களில் ஒரு மாலைப்பொழுதில் கட்டிலிலேயே அதன் சங்கிலி அறுந்தது. உருண்டோடிய மணிகளுள் அகப்பட்டவற்றைக் கைக்குட்டையில் முடிந்து ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்தேன். செபமாலையின் பாடுபட்ட சுரூபத்தை என் தம்பி எடுத்துக்கொண்டான்.

அடக்கம் முடிந்து சில மாதங்களுக்குள், அம்மாவின் வீட்டைப் பங்கிடுவதில் எங்கள் இருவருக்கும் மனத்தாங்கல் வந்தது. வார்த்தைகள் தடித்தன. தம்பி மன்னாருக்குப் போய்விட்டான். பேச்சுவார்த்தை நின்றது. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பேணி கண்ணில் படும். கடையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் புதிய சங்கிலி கோத்துத் தருவார்கள். எனினும் நான் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் மாலைச் செபமும் மெல்ல மெல்ல நின்றுபோயிருந்தது.

இந்நிலையில் ஒரு தவக்காலத்தில், பங்கு நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால், கண்டிக்கு அருகே ஒரு தியான இல்லத்தில் நடந்த மூன்று நாள் ஞான ஒடுக்கத்துக்குச் சென்றேன். ‘பழைய அல்லது அறுந்த செபமாலை இருந்தால் கொண்டு வாருங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பேணியைப் பையில் வைத்துக்கொண்டு புகையிரதம் ஏறினேன்.

மௌனத்தின் நகரம்

கடுகண்ணாவை மலையேற்றத்தைக் கடந்து கண்டியை நெருங்கும்போதே காற்று மாறுகிறது. நீராவி போன்ற பனி, வாவியைச் சுற்றிய பெருமரங்கள், தலதா மாளிகையிலிருந்து எழும் மேளவொலி. இந்நகரமும் அதைச் சூழ்ந்த மலைகளும் நெடுங்காலமாகவே தியானத்துக்குப் பெயர் பெற்றவை. ‘விழிப்புநிலைத் தியானம்’ என்று இன்று உலகெங்கும் பேசப்படுவதை மேலைநாடுகளுக்கு எடுத்துச் சொன்னவர்களுள் முதன்மையானவர், ஜேர்மனியில் பிறந்த பௌத்த துறவி ஞாணபோனிக தேரர். அவர் 1952 முதல் கண்டி உடவத்தகலைக் காட்டிலுள்ள துறவு இல்லத்தில் வாழ்ந்து, 1994இல் இறந்தார். 1958இல் இந்நகரில் நிறுவப்பட்ட பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். செய்வதை முழு மனத்தோடு செய்தல், நிகழும் கணத்தில் நிலைத்திருத்தல் என்பதே அப்பயிற்சியின் சாரம்.

சிங்கள பௌத்த இல்லங்களில் முதியோர் கையில் மணிமாலை இருப்பதைக் கண்டிருப்பீர்கள். இந்து சகோதரர்கள் உருத்திராட்ச மாலையில் 108 மணிகளை எண்ணிச் செபிக்கிறார்கள். மனிதனின் மனம் அலைபாயும் இயல்புடையது, அதைக் கட்டுவதற்கு விரலுக்கு ஒரு வேலை வேண்டும் என்பதைப் பல சமயத்தாரும் உணர்ந்திருக்கின்றனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002 அக்டோபர் 16இல் செபமாலை பற்றி வெளியிட்ட திருத்தூது மடலில், தியானத்தை நாடும் இக்கால மக்கள் பிற சமயங்களின் முறைகளைத் தேடிச் செல்வதைக் குறிப்பிட்டு, செபமாலையும் அத்தகைய ஆழ்ந்த தியானமே என்பதை நினைவூட்டினார். ஒளியின் மறையுண்மைகளை நமக்குத் தந்ததும் அம்மடலே. அப்படியிருக்க, வீட்டில் உள்ள செல்வத்தைப் பூட்டி வைத்துவிட்டு வெளியே தேடுகிறோமோ என்ற எண்ணம் என்னை உறுத்தியது.

கைகளுக்கு ஒரு பாடம்

முதல் நாள் காலை, நீண்ட மேசையைச் சுற்றி நாங்கள் பதினைந்து பேர் அமர்ந்தோம். ஒவ்வொருவர் முன்னும் தடித்த நூல் ஒரு சுருள், ஊசி, கத்தரிக்கோல். நடுவில் ஒரு சுளகு நிறையச் சாம்பல் நிற விதைகள். ‘யோபுவின் கண்ணீர்’ என்று அழைக்கப்படும் ஒருவகைப் புல்லின் விதைகள் அவை. ஈரமான நிலங்களில் தானாக வளரும் அப்புல்லின் விதைக்கு ஒரு சிறப்பு உண்டு. இயற்கையே அதன் நடுவில் துளையிட்டு வைத்திருக்கிறது. உள்ளிருக்கும் காய்ந்த நாரை ஊசியால் தள்ளிவிட்டால் நூல் கோக்கலாம். துளைக்கும் கருவி வேண்டாம், மெருகும் வேண்டாம். துன்பத்தின் நடுவிலும் இறைவனைப் பழித்துரைக்காத யோபுவின் பெயரை ஏழைகளின் செபமாலை மணிக்கு இட்டவர் யாரோ, நன்றாகவே இட்டார்.

எங்களுக்குக் கற்றுத்தந்தவர் வயது முதிர்ந்த அருட்சகோதரி ஒருவர். முடிச்சுப் போடும் முறை எளிது. நூலை ஆள்காட்டி விரலில் மும்முறை சுற்றி, நுனியை அச்சுற்றுகளின் ஊடாகச் செலுத்தி, மெல்ல உருட்டி இறுக்க வேண்டும். மணியே இல்லாமல், இத்தகைய முடிச்சுகளால் மட்டுமே முழுச் செபமாலையும் செய்யலாம். அதற்கு ஏறக்குறைய 20 அடி நூல் போதும். அவசரமாக இழுத்தால் முடிச்சு தவறான இடத்தில் விழும். ஒருமுறை இறுகிவிட்டால் அவிழ்ப்பது கடினம். முதல் அரைமணி நேரத்தில் நான் இறுக்கிய முடிச்சுகளுள் ஒன்றுகூட உருப்படவில்லை.

“அவசரப்பட வேண்டாம் தம்பி. நூல் உங்களைவிட்டு ஓடிவிடாது” என்றார் சகோதரி.

பின்னர் அவர் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு முடிச்சையும் இறுக்குமுன் ஒருவரை நினைக்க வேண்டும். அவர் பெயரை மனத்துக்குள் சொல்லி, ஓர் அருள்நிறை மரியே செபித்து, அவரை இறைவனிடம் ஒப்படைத்த பிறகே நூலை இழுக்க வேண்டும். பேச்சு வேண்டாம். மேசையைச் சுற்றி மௌனம் படிந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அன்று முற்பகல் முழுவதும் உழைத்து நான் முடித்தவை இரண்டு பத்து மணிகள்.

பாலைநிலத்துத் துறவியர் காட்டிய வழி

கைவேலையும் செபமும் ஒன்றாக இணைவது திருச்சபைக்குப் புதிதன்று. எகிப்தின் பாலைநிலத்துத் துறவியர் பனையோலைகளைப் பின்னிக்கொண்டே திருப்பாடல்களைச் செபித்தனர். துறவியரின் தந்தையாகிய வனத்து அந்தோனியாரைப் பற்றிய பழங்கதை ஒன்று உண்டு. ஒருமுறை அவர் மனச்சோர்வுற்று, மீட்படைய என்ன வழி என்று இறைவனிடம் கேட்டார். அப்போது, தம்மைப் போலவே தோன்றிய ஒருவர் அமர்ந்து கயிறு திரிப்பதையும், பின் எழுந்து செபிப்பதையும், மீண்டும் அமர்ந்து திரிப்பதையும் கண்டார். அவர் இறைவன் அனுப்பிய தூதர். இவ்வாறே நீயும் செய், மீட்படைவாய் என்பது அந்தோனியார் பெற்ற பாடம்.

பவுல் என்ற மற்றொரு துறவி, நாளொன்றுக்குச் சொல்ல வேண்டிய 300 செபங்களை எண்ணுவதற்காக 300 கூழாங்கற்களை மடியில் வைத்துக்கொண்டு, செபத்துக்கு ஒன்றாக வெளியே போடுவாராம். கற்கள் முடிச்சுகளாயின, முடிச்சுகள் மணிகளாயின. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் செபமணி செய்வோர் தனித் தொழிற்குழுக்களாகவே இயங்கினர். எலும்பிலும் கொம்பிலும் செய்வோர் ஒரு குழு, பவளத்திலும் சிப்பியிலும் செய்வோர் மற்றொரு குழு என அவர்கள் பிரிந்திருந்தனர். ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் ‘பீட்’ என்ற சொல்லும் தொடக்கத்தில் செபத்தையே குறித்தது. செபத்தின் பெயர்தான் பின்னர் மணிக்கு ஆகிவந்தது.

கண்டித் திருச்சபைக்கும் இம்மரபில் நெருங்கிய பங்குண்டு. செபிப்பதும் உழைப்பதும் துறவியின் இரு கடமைகள் என்ற ஆசீர்வாதப்பரின் வழியில் வந்த சில்வெஸ்திரியன் சபைத் துறவியர், 19ஆம் நூற்றாண்டிலேயே இம்மலைநாட்டில் மறைப்பணி ஆற்றினர். கண்டி 1883இல் தனி மறைப்பணித் தளமாக உயர்த்தப்பட்டது. அதே 1883இல்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், அக்டோபர் மாதத்தைச் செபமாலை மாதமாகக் கொண்டாடும்படி உலகத் திருச்சபைக்குச் சுற்றுமடல் வரைந்தார். செபமாலையின் திருத்தந்தை என்று புகழப்படும் அவரே, 1893இல் கண்டி அம்பிட்டியவில் திருத்தந்தையின் குருமடத்தை நிறுவியவர். தமிழகம் உள்ளிட்ட பல பகுதிகளின் குருமாணவர்கள் இங்கே பயின்றனர். அக்குருமடம் 1955இல் இந்தியாவின் பூனே நகருக்கு மாற்றப்பட்டது. அம்பிட்டியவில் இப்போது இலங்கையின் தேசிய குருமடம் இயங்குகிறது.

கழுத்தில் அணிந்த விசுவாசம்

இரண்டாம் நாள் மாலை, இம்மண்ணின் திருத்தூதர் புனித யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்வை எங்களுக்கு எடுத்துரைத்தார்கள். பலமுறை கேட்ட வரலாறுதான். ஆனால் கையில் பாதி முடிந்த செபமாலையோடு கேட்டபோது அது வேறாக ஒலித்தது.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருக்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். குருக்களுக்கு அடைக்கலம் தருவோர் கொடிய தண்டனைக்கு உள்ளாயினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், குருவோ திருப்பலியோ இன்றி விசுவாசிகள் மறைந்து வாழ்ந்தனர். கோவாவில் 1651 ஏப்ரல் 21இல் பிறந்த யோசேப் வாஸ், இச்செய்தியால் மனம் வருந்தி, 1687இல் தூத்துக்குடியிலிருந்து கூலியாளின் வேடத்தில் கடல் கடந்து வந்தார். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது கடும் வயிற்றுநோயால் உயிருக்கே ஆபத்தான நிலை.

நோய் சற்றே தணிந்ததும், கத்தோலிக்கர் யாரென்று எப்படிக் கண்டறிவது என்ற கேள்வி எழுந்தது. கேட்டால் சொல்ல மாட்டார்கள். தவறான ஆளிடம் கேட்டால் உயிருக்கே ஆபத்து. அவர் செய்தது இதுதான்: கழுத்தில் ஒரு பெரிய செபமாலையை அணிந்துகொண்டு, பிச்சைக்காரனாக வீடு வீடாகச் சென்றார். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. சிலருடைய பார்வை மட்டும் அந்த மணிகளில் நின்றது. அந்தப் பார்வையைக் கொண்டே அவர் தம் மந்தையை அறிந்தார். முப்பது ஆண்டுகள் அணைந்துகிடந்த தணலை அந்தச் செபமாலை மீண்டும் மூட்டியது. பின்னர் சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் தந்தனர்.

1692இல் அவர் கண்டி இராச்சியத்துக்கு வந்தார். போர்த்துக்கேய ஒற்றன் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனால் சிறைவைக்கப்பட்டார். சிறையிருந்தபடியே சிங்களம் கற்றார். அங்கேயே ஒரு குடிசைக் கோவிலும் அமைத்தார். நாட்டில் கடும் வறட்சி வந்தபோது, திறந்த வெளியில் சிலுவையை நட்டு அவர் செபிக்க, பெருமழை பொழிந்ததென்றும், பீடமும் அவர் நின்ற இடமும் மட்டும் நனையவில்லையென்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் அவருக்கு மறைப்பணிச் சுதந்திரம் கிடைத்தது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளரை மதவேறுபாடின்றி அவர் பராமரித்தார். இலங்கையில் 24 ஆண்டுகள் பணிபுரிந்து, 1711 ஜனவரி 16இல் இந்நகரிலேயே உயிர்நீத்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

விசுவாசத்தின் அடையாளத்தை வெளிப்படையாக ஏந்துவதற்கு விலை உண்டு. அந்த விலை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. யோசேப் வாஸ் அடிகளாரின் பிறந்த நாளான அதே ஏப்ரல் 21, 2019இல் உயிர்ப்பு ஞாயிறாக அமைந்தது. அன்று கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் வழிபாட்டுக்கு வந்தோர் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. நம் கையிலுள்ள செபமாலை எத்தனை பேருடைய துணிவைக் கடந்து நம்மிடம் வந்திருக்கிறது! அதை நாமோ வாகனத்தின் கண்ணாடியில் அலங்காரமாகத் தொங்கவிடுகிறோம், அல்லது ஆணியில் மாட்டித் தூசு படியவிடுகிறோம்.

பலவிசாரம் என்னும் பழைய நோய்

‘ஒரே செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் என்ன பயன்?’ என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிற இனத்தாரைப் போல வெறும் வார்த்தைகளை அடுக்க வேண்டாம் என்று ஆண்டவரே மலைப்பொழிவில் கூறினார். ஆனால் அதே ஆண்டவர், கெத்சமனித் தோட்டத்தில் மும்முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி மன்றாடினார் என்று மத்தேயு எழுதுகிறார். எரிகோ சாலையோரத்துப் பார்வையற்றவரும் அதே கூக்குரலையே மீண்டும் எழுப்பினார். அவர்களைத் தடுத்தவர் இறைவன் அல்லர். மீண்டும் சொல்வது குற்றமன்று. மனம் இல்லாமல் சொல்வதே குற்றம். தியானமற்ற செபமாலை உயிரற்ற உடலைப் போன்றது என்ற கருத்தைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் அன்னை மரியா வணக்கம் பற்றிய தம் மடலில் அழுத்தமாகச் சொன்னார்.

நம் முன்னோர் இந்நோய்க்குப் ‘பலவிசாரம்’ என்று பெயரிட்டனர். வாய் மரியாளை அழைக்கும், மனமோ கடன்காரரையும் தொலைக்காட்சியையும் சுற்றிவரும். இதற்கு மருந்தாகவே மணிகள் வந்தன. கையால் ஒரு முடிச்சு இட்டுப் பார்த்தவருக்கு இது விளங்கும். மனம் விலகிய மறுகணம் நூல் தவறிவிடுகிறது. நூல் தவறியதும் மனம் திரும்பி வருகிறது. யாரும் கண்டிக்கத் தேவையில்லை. நாசரேத்தின் தச்சுப்பட்டறையில் ஆண்டவரும் இந்தப் பள்ளியில்தான் வளர்ந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். நிகழ்ந்தவற்றையெல்லாம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்த அன்னையும், நூற்றும் மாவு பிசைந்தும் தண்ணீர் சுமந்தும் வந்த கைகளோடுதான் சிந்தித்திருப்பார்.

குறைந்த மணிகள்

மூன்றாம் நாள் காலை, பேணியைத் திறந்து அம்மாவின் மணிகளைக் கொட்டினேன். 53 அருள்நிறை மரியே மணிகளும் 6 விண்ணகத் தந்தை மணிகளுமாக 59 வேண்டும். எண்ணிப் பார்த்தபோது 52 மட்டுமே இருந்தன. ஏழு மணிகள் எங்கே உருண்டனவோ! அருட்சகோதரி சுளகிலிருந்து ஏழு விதைகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நிறம் பொருந்தாது என்றேன். “பொருந்தாமலே இருக்கட்டும். யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு கதை இருக்கும்” என்றார்.

கோக்கத் தொடங்கினேன். ஒரு முடிச்சுக்கு ஒரு பெயர். அம்மா, அப்பா, மனைவி, பிள்ளைகள், அயலவர், நோயாளர், இறந்தோர் எனப் பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன. நான்காம் பத்தின் நடுவே முதல் சாம்பல் விதை வந்தது. அப்போது வர வேண்டிய பெயர் தானாக வந்தது, என் தம்பியின் பெயர். நூலைச் சுற்றிவிட்டேன். ஆனால் இழுக்க முடியவில்லை. அவன் பேசியவை நினைவுக்கு வந்தன. அதற்கு நான் பேசியவையும் வந்தன. பீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரன் மனத்தாங்கல் கொண்டிருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் நல்லுறவு செய்துகொள்ளச் சொன்ன ஆண்டவரின் குரல் அன்று எனக்கு மிக அருகில் கேட்டது. நெடுநேரம் சென்றபின் அந்த ஒரு முடிச்சை இறுக்கினேன்.

நண்பகலில் 59 மணிகளும் கோத்து முடிந்தன. நூலின் நுனியில் கட்டுவதற்குச் சுரூபம் இல்லை. தியான இல்லத்தில் புதிய சுரூபங்கள் நிறைய இருந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நூலை வெட்டாமல் நீளமாக விட்டு வைத்தேன்.

அன்றிரவு வீடு திரும்பியதும் தம்பிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். வீட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் செபமாலையைக் கோத்துவிட்டேன், சிலுவை மட்டும் உன்னிடம் இருக்கிறது என்றேன். மறுமுனையில் நீண்ட மௌனம். பிறகு, “அது என் சட்டைப் பையில்தான் எப்போதும் இருக்கிறது அண்ணா” என்றான். அவனுடைய குரல் உடைந்திருந்தது.

எங்கள் சிக்கல் அன்றோடு தீர்ந்தது என்று சொன்னால் பொய்யாகும். பத்திரங்களும் கணக்குகளும் இன்னும் பேச வேண்டியவையாகவே இருந்தன. ஆனால் அடுத்த அக்டோபரில் அவன் குடும்பத்தோடு வந்தான். சுரூபத்தை அவன் பிடித்துக்கொள்ள, நான் முடிச்சிட்டேன். பங்குத் தந்தை மந்திரித்துத் தந்தார். அன்று மாலை, நான்கு ஆண்டுகளுக்குப் பின், எங்கள் வீட்டில் இரு குடும்பங்களும் சேர்ந்து செபமாலை சொன்னோம். என் சிறிய மகள், இந்த ஏழு மணிகள் மட்டும் ஏன் வேறு நிறத்தில் இருக்கின்றன என்று கேட்டாள். சித்தப்பாவே அதற்குப் பதில் சொன்னார்.

அன்பு வாசகர்களே! உங்கள் அலுமாரியிலும் அறுந்த செபமாலை ஒன்று இருக்கக்கூடும். அதைக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஞாயிறு மாலை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நூலும் ஊசியுமாகப் பிள்ளைகளோடு அமருங்கள். மணி இல்லையெனில் வெறும் முடிச்சுகளே போதும். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். எந்தப் பெயரிடம் உங்கள் விரல் தயங்குகிறதோ, அந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அங்கே இறைவன் உங்களுக்காகக் காத்திருக்கிறார். அன்னை மரியாவின் துணையோடு அந்த முடிச்சை இறுக்குவோம். அறுந்தவை யாவும் அவர் திருமகனின் சிலுவையில் மீண்டும் இணையட்டும்.